தற்கொலைத் தடுப்புத் திட்டம்: குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவசரப் பிரிவிலேயே பல வருஷம் கழிந்தது. இப்போது சுய உதவிக் குழுக் கூட்டம், அன்பியக் கூட்டம் (அன்பியம் என்பது கத்தோலிக்கப் பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு), பள்ளிப் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தற்கொலைத் தடுப்பைப் பற்றிப் பேசுகிறேன். பேசி முடித்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து கேட்பார். அப்படிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இதை வாசிக்கும்போது எனக்கே மனசு சரியில்லை. என்ன செய்ய?

மீதியைப் பிறகு வாசிக்கலாம். இப்போதே அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் கூப்பிடலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தனியாக மட்டும் இருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்குப் பயமா இருக்கு, கொஞ்ச நேரம் கூட இரு" என்று சொன்னால் போதும், காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இது குடும்ப விஷயம். இதில் அரசுக்கு என்ன வேலை?

சட்டமே அரசுக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 29-வது பிரிவு, தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் குறைப்பதற்கான பொதுச் சுகாதாரத் திட்டங்களை அரசு வகுத்து நடத்த வேண்டும் என்கிறது. முயன்று பிழைத்தவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி அந்த நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்கிறது 115-வது பிரிவு.

2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலை இறப்பை 10 சதவீதம் குறைப்பது அதன் இலக்கு. கண்காணிப்பு ஏற்பாட்டுக்கு 3 ஆண்டு, எல்லா மாவட்டங்களிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு 5 ஆண்டு, கல்வி நிலையங்களில் மனநலப் பாடத்துக்கு 8 ஆண்டு என்று கெடு வைத்திருக்கிறார்கள். முதல் கெடு 2025-லேயே முடிந்துவிட்டது. நம் மாவட்டத்தில் அதில் எது நடந்திருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் மனு எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் மாவட்டம். இங்கேயுமா?

2011 கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டில் அதுதான் முதலிடம். பக்கத்துக் கேரளமும் படித்த மாநிலம்தான், தற்கொலை விகிதமும் அங்கே அதிகம். எழுத்தறிவு ஒருவரைக் கடனிலிருந்தோ தனிமையிலிருந்தோ காப்பதில்லை. வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்கள், எதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்பதெல்லாம் இதில் கலந்திருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. லட்சத்துக்குக் கிட்டத்தட்ட 26 பேர், நாட்டின் சராசரியோ 12.4. மாநிலச் சராசரியை நம் 18.7 லட்சம் மக்கள்தொகைக்குப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 480-ஐத் தாண்டுகிறது. இது மாவட்டத்தின் உண்மையான எண்ணிக்கை இல்லை, எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிவதற்காகப் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கெல்லாம் காவல் நிலையப் பதிவிலிருந்து வருவது. "தீராத வயிற்றுவலி" என்று பத்திரிகையில் எத்தனை முறை வாசித்திருப்போம்! அந்த ஒரு வரிக்குப் பின்னால் கடன் இருக்கும், குடியும் அடியும் இருக்கும், யாருமே கவனிக்காத மனச்சோர்வும் இருக்கும். காரணத்தை மறைத்து எழுதினால் அந்தக் கணக்கை வைத்து எந்தத் திட்டமும் போட முடியாது. முயன்று பிழைத்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு இறப்புக்கு ஏறக்குறைய 20 முயற்சிகள் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"எளிதில் பாதிக்கப்படும் பிரிவினர்" என்று அரசு ஆணைகளில் எழுதுகிறார்களே, நம் ஊரில் அவர்கள் யார்?

அந்தச் சொல்லைப் படித்தால் ஒரு முகமும் தெரிவதில்லை. நம் ஊரில் வைத்து எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் மீனவர் குடும்பங்கள். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் கடலுக்குப் போன பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காத வீட்டில் துக்கம் எளிதில் முடியாது. நிவாரணத் தொகை வந்தது, வீடு கட்டினார்கள். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கும் தாயை அந்தத் தொகை எப்படித் தேற்றும்? 2004 சுனாமியைப் பார்த்த குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடியிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. ஒரு பேரிடர் நடந்து பத்து வருஷம் கழித்தும் மனநலச் சேவை தேவைப்படும். எந்தத் திட்டத்திலும் அவ்வளவு தூரம் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, கோதையாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. 2022-ல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்களில் 26.4 சதவீதம் பேர் தினக்கூலிகள். தொழில்வாரியாகப் பார்த்தால் அதுவே பெரிய கூட்டம். அதே மலைப்பகுதியில் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பஸ் விட்டு இறங்கியும் நடந்து போக வேண்டிய ஊர்கள் அவை. அங்கிருப்பவரிடம் "வாரம் ஒரு நாள் ஓ.பி.க்கு வாங்க" என்று சொன்னால் வரமாட்டார், வர முடியாது.

முந்திரி ஆலைப் பெண்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு குழுக் கடன், வாரா வாரம் தவணை. பிள்ளைகள் வளைகுடாவிலோ வெளியூரிலோ இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் முதியோர். இவர்களுக்குப் பணக் கஷ்டம் இல்லாததால் யாருமே இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கைகள், திருநம்பிகள். கணவனின் குடியோடு வாழும் பெண்கள், குடியை விட முடியாமல் தவிக்கும் ஆண்கள். ரிசல்ட் நாளில் பிள்ளைகள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் வைப்பது, ஏற்கெனவே ஒரு முறை முயன்று பிழைத்தவர்களை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வருஷம் முழுவதும் எல்லோரையும் கவனிக்க ஆள் எங்கே இருக்கிறது?

வருஷம் முழுவதும் எல்லோரையும் ஒரே மாதிரி கவனிக்க வேண்டியதில்லை. நெருக்கடிக்கு ஒரு காலம் உண்டு, அதை நாள்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். நீட் முடிவு அதை ஒட்டி. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்ட வேண்டிய நேரமும் அதுவே. பால்வெட்டு நின்றுபோகும் மழையும் ஜூனில் தொடங்கி, ஐப்பசி அடைமழைக்கு மறுபடி வருகிறது. இப்படிப் பார்த்தால் மே முதல் ஜூலை வரை நம் மாவட்டத்தில் பணமும் மனமும் ஒன்றாக இறுகும் மாதங்கள். மருத்துவ முகாம், ஆலோசகர்கள், கடன் தவணைக்கு அவகாசம் எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்தில் கூட்டினாலே இருக்கும் ஆளை வைத்து நிறையச் செய்யலாம்.

முயன்று பிழைத்தவரை டிஸ்சார்ஜ் செய்த பிறகு அரசு என்ன செய்கிறது?

என் மனத்தை விட்டுப் போகாத கேள்வி இது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒரு அம்மாவை நான்கு நாள் போராடிக் காப்பாற்றினோம். ஐந்தாம் நாள் கையில் ஒரு சீட்டு: "மனநலப் பிரிவில் காட்டவும்". அவர் என் கையைப் பிடித்து, "இனி இப்பிடி செய்ய மாட்டேன் சிஸ்டர், மகளைக் கெட்டிக்குடுக்கணும், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அந்தச் சீட்டோடு அவர் மனநலப் பிரிவுக்குப் போகவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்து அவரை மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த முறை எங்களால் முடியவில்லை. அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவு 2008-ல் வந்தது. முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள்: 1, 2, 4, 7, 11-வது வாரங்களிலும், 4, 6, 12, 18-வது மாதங்களிலும். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்தக் காலத்தில் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

புது மருந்து, புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. "என்ன மக்களே, சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை இருக்கா?" என்று ஒருவர் நினைவு வைத்துக் கேட்டால் அதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

செலவைப் பார்ப்போம். நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வருஷத்துக்கு 1,000 பேர் இப்படி வருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முறை என்றால் 9,000 விசாரிப்பு, ஒரு நாளைக்கு 25. பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர், இரண்டு போன், ஒரு பதிவேடு போதும். எடுக்காத எண்ணுக்கு, அந்தப் பகுதிக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வேறு காரணம் சொல்லி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நோயாளியின் சம்மதமும் ரகசியமும் இதில் மிக முக்கியம். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துபோனால் அடுத்த முறை அவர் போனே எடுக்கமாட்டார். மாவட்டத் திட்டத்தில் ஒரே ஒரு வரி எழுத எனக்கு அனுமதி கொடுத்தால் இதைத்தான் எழுதுவேன்.

காப்பாற்றக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் வருமே?

இந்தப் பயத்தாலேயே தாமதமாகக் கொண்டுவருகிறார்கள், வந்தபிறகு என்ன நடந்தது என்பதையும் மறைக்கிறார்கள். மருத்துவருக்கு உண்மை தெரியாமல் சிகிச்சை பிசகிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஓர் அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வதை மட்டும் அதன் 226-வது பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடப்பது வேறு விஷயம், அது அந்தப் பெண்ணுக்கான பாதுகாப்பு. ஆகவே தயங்காமல் கொண்டுபோங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒருவர் முடிவெடுத்துவிட்டால் அவரை யாரால் தடுக்க முடியும்?

பலருக்கு அந்த வேகம் சிறிது நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். தப்பியவர்களில் பெரும்பாலானோர் பிறகு வேறு வழி தேடிப் போவதில்லை. இலங்கையில் ஆபத்தான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. நம் மாநிலத்தில் காட்டுமன்னார்கோவில் பகுதியில், ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டக அறை வைத்து விவசாயிகள் தங்கள் மருந்தை அங்கே பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள், அதிலும் பலன் தெரிந்தது. தமிழ்நாடு அரசும் சில பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. 60 நாள் போதாது என்பது என் கருத்து.

தோவாளையில் பூ, ஊர் ஊராக வாழை என்று மருந்தடிக்கும் மாவட்டம் இது. தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டடங்களில் இப்படிப் பூட்டறை வைக்க முடியும். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தெரிந்தால், மருந்து மாத்திரை உட்பட எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா?

வராது. கேட்டதும் பெரும்பாலும் அழுவார்கள், பிறகு பேசுவார்கள். அறிவுரை வேண்டாம், "உனக்கென்ன குறை" வேண்டாம், "பிள்ளைகளை நினைச்சுப் பாரு" வேண்டவே வேண்டாம். அவர் பிள்ளைகளை நினைத்து நினைத்துத்தான் அங்கே வந்து நிற்கிறார். பேச விடுங்கள், கூடவே இருங்கள், சிகிச்சைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் மனநலக் குழு முறை வைத்துப் போகிறது. என்றைக்கு எங்கே என்பதை 104-லோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம். மருந்து இலவசம். ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. 18 லட்சம் பேருக்கு அது தலைக்கு ஐந்து ரூபாய்கூட வராது, அதையாவது முழுசாகச் செலவழிக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரிகளில் கவுன்சிலர் வைத்தால் போதுமா?

முதலில் வைக்கட்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனி வகுப்பாக முடிந்தவரை பிரிக்கக் கூடாது, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் மாவட்டத்தில் எவ்வளவு தனியார் பள்ளிகள், எவ்வளவு பொறியியல், நர்சிங் கல்லூரிகள்! பெற்றோர் கூட்டத்தில் "ஆலோசகர் யார், எந்த அறையில் இருப்பார்?" என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்காக நடந்த நல்ல காரியங்களில் ஒன்று, தோற்ற மாணவருக்கு உடனே துணைத் தேர்வு வைத்தது. ஒரு வருஷம் வீணாகிவிடும் என்ற பயத்தை அது எடுத்தது. ரிசல்ட் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது.

கடன்காரர் வீட்டு வாசலில் நின்று கத்துகிறார். இதற்கும் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். வாசலில் நாலு பேர் பார்க்க அவமானப்பட்டு நிற்கும் பெண்ணுக்கு மாத்திரையால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமும் கொண்டுவந்தது, மீறினால் சிறைத் தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தைச் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் வாசித்துக் காட்டுவதும் தற்கொலைத் தடுப்பு வேலைதான். மாவட்டக் குழுவில் மருத்துவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. முன்னோடி வங்கி மேலாளரும் மீன்வளத் துறையும் ரப்பர் கழகமும் உட்கார வேண்டும்.

கோயில், சர்ச், பள்ளிவாசல் இதில் என்ன செய்ய முடியும்?

நம் ஊரில் ஆபீசைவிட வேகமாகச் செய்தி போகும் இடங்கள் அவை. அன்பியத்தில் முப்பது நாற்பது வீடுதான் இருக்கும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அங்கே தெரியும். அருட்பணியாளர்களுக்கும் இமாம்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். இப்படி இறந்தவருடைய அடக்கத்தில் குறை வைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பில் அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் இவர்கள் இல்லை. மிஞ்சியிருக்கும் மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சடங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களும் ஆபத்தில் இருப்பவர்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவும் கடிதமும் சுற்றுகிறது. அனுப்பலாமா?

வேண்டாம். எப்படி நடந்தது என்ற விவரமும் படமும் அதே வேதனையில் இருக்கும் இன்னொருவரை இழுக்கும். பத்திரிகைகளுக்கு இந்தியப் பிரஸ் கவுன்சில் 2019-லேயே நெறிமுறை கொடுத்திருக்கிறது. நம் குரூப்புகளுக்கும் அதுதான் நெறிமுறை.

எங்கள் ஊரிலிருந்து என்ன கேட்கலாம்?

ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம் மாவட்டத்தில் 50-க்கும் மேல் பேரூராட்சிகள், அவற்றில் கிராம சபை கிடையாது. அங்கே உள்ளவர்கள் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மீனவர் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

மனுவில் நிறைய எழுத வேண்டாம். முயன்று பிழைத்து வீடு திரும்பியவர்களை 18 மாதம் விசாரிக்க மாவட்டத்தில் ஆள் உண்டா, இல்லையென்றால் எப்போது நியமிப்பீர்கள்? மனநல மருத்துவர் பேச்சிப்பாறைக்கும் தூத்தூருக்கும் மாதத்தில் எந்த நாள் வருவார்? 2022 உத்தியின்படி மாவட்டத்தில் என்ன நடந்திருக்கிறது? இந்த மூன்றும் போதும். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த திங்கள்கிழமையும் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.